சின்ஹா சிகரமும் பேர் எழுதாத கல்வராயன் முகடுகளும்

அண்டார்டிகாவில் ஒரு மலைக்குச் சின்ஹா என்று பெயர். மவுண்ட் சின்ஹா. உயரம் 990 மீட்டர். தெற்கே 75 பாகையை ஒட்டி, மேரி பேர்ட் லேண்ட் என்கிற பனிப் பிரதேசத்தில், எரிக்சன் பிளஃப்ஸ் என்ற பாறைச் சுவரின் தென்கிழக்கு முனையில் நிற்கிறது. கீழே கிர்க்பாட்ரிக் பனியாறு. சுற்றுவட்டாரத்தில் ஊர் கிடையாது, ஆள் கிடையாது, ஒரு புதர் கூடக் கிடையாது. உலகத்தில் எந்த நாடும் சொந்தம் கொண்டாடாத நிலத்தில் மிகப் பெரிய துண்டு இந்த மேரி பேர்ட் லேண்ட்தான். (1929-ல் அதைப் பார்த்து வந்த அமெரிக்கர் ரிச்சர்ட் பேர்ட் தன் மனைவி மேரியின் பெயரை அதற்கு வைத்தார். நம்மூர் வீட்டுக்காரர்கள் வீட்டு வாசலில் 'மேரி இல்லம்' என்று பலகை மாட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.)

2014-ல் இந்த மலை இந்தியப் பத்திரிகைகளில் திடீரென்று செய்தியானது. 'அண்டார்டிகா மலைக்கு இந்திய விஞ்ஞானி பெயர்' என்ற ரீதியில் தலைப்புகள். அந்த விஞ்ஞானி அகௌரி சின்ஹா. பீகாரில் பிறந்து அமெரிக்கா போய், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1971-72-ல் சவுத்விண்ட் என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் படைக் கப்பலில் போன உயிரியல் குழுவில் அவர் ஒருவர். பெல்லிங்ஸ்ஹௌசன், அமுண்ட்சென் கடல்களின் மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே சீல்களையும் திமிங்கிலங்களையும் பறவைகளையும் எண்ணிக் கணக்கெடுத்தது அந்தக் குழு. பிறகு அமெரிக்காவின் பெயர் சூட்டும் குழு, விமானப் படங்களை வைத்து வரையப்பட்ட வரைபடத்தில் பெயர் இல்லாமல் இருந்த இடங்களுக்கு இவர்களின் பெயர்களைப் பங்கிட்டது. குழுத் தலைவர் எரிக்சனுக்குப் பாறைச் சுவர். சக உறுப்பினர் கில்பர்ட்டுக்கு இன்னொரு பாறை. சின்ஹாவுக்கு ஒரு சிகரம். வேலை நடந்தது கடலில், பெயர் விழுந்தது நிலத்தில்.

கஷ்டப்பட்டு வேலை செய்த மனிதருக்குக் கிடைத்த மரியாதை அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு பெயரை அழித்துவிட்டு அது எழுதப்படவும் இல்லை. குறை சொல்ல வேண்டியது இங்கே அதைக் கொண்டாடிய விதத்தை. பொது அறிவுப் புத்தகங்களில் இப்படிப்பட்ட வரிகள்தான் ஏறுகின்றன. அண்டார்டிகாவின் மிக உயர்ந்த சிகரம் எது? வின்சன். உயரம்? 4892 மீட்டர். கள்ளக்குறிச்சியில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பையன் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அந்த வின்சன் யார் என்று கேட்டால் தெரியாது. கார்ல் வின்சன் என்பவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து எம்.பி. அண்டார்டிக் ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் கிடைக்கத் துணை நின்றார் என்பதற்காக, 1958-ல் கடற்படை விமானம் பார்த்த அந்த மலைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. முதலில் அதன் உயரம் 5140 மீட்டர் என்றார்கள். 2004-ல் ஜி.பி.எஸ். கொண்டு அளந்து 4892 என்று குறைத்தார்கள். யாருமே வாழாத ஒரு கண்டத்தில், யாரும் ஏறாத வருஷத்தில், பட்ஜெட்டுக்குக் கை தூக்கிய ஓர் எம்.பி.யின் பெயர் மலை மேல் ஏறிவிட்டது.

அதே பையன் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே ஒரு மலைத்தொடர் தெரிகிறது. கல்வராயன். பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி உண்டு. 600 மீட்டரிலிருந்து 1220 மீட்டர் வரை உயரம். வடக்கே சின்னக் கல்வராயன், சராசரி 825 மீட்டர். தெற்கே பெரிய கல்வராயன், சராசரி 1220 மீட்டர். முடிந்தது. அதாவது பத்திரிகைகள் தலைப்புப் போட்டுப் பெருமைப்பட்ட மவுண்ட் சின்ஹாவைவிடப் பெரிய கல்வராயன் 200 மீட்டருக்கும் மேல் உசத்தி. ஆனால் அதன் ஒரு முகட்டின் பெயரைக்கூட அந்தப் பத்தி சொல்வதில்லை. பஸ்ஸில் தெரியும் முதல் முகட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டால், அந்தப் பையன் "அதுவா, மலைங்க" என்பான். தப்பு அவன் மேல் இல்லை.

பெயரே இல்லாமலா இருக்கும்? இருக்க முடியாது. கடுக்காய் பொறுக்கவும் தேன் எடுக்கவும் மாடு மேய்க்கவும் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் ஒரு சரிவையும் இன்னொரு சரிவையும் 'அந்தப் பக்கம்', 'இந்தப் பக்கம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு பிழைக்க முடியாது. காணாமல்போன மாட்டை எங்கே பார்த்தேன் என்று அண்டை வீட்டுக்காரருக்குச் சொல்லவே பத்துப் பெயர் வேண்டும். சாமை விதைத்த கொல்லைக்கு ஒன்று, தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு ஒன்று, வழுக்குப் பாறைக்கு ஒன்று, சாமி இருக்கிற சோலைக்கு ஒன்று. பெயர்கள் வாயில் இருக்கின்றன, தாளில் இல்லை. பொதுவாக நில அளவைத் துறையின் வரைபடங்களில் ஊர்ப் பெயர்களும் ஓடைகளும் இருக்கும். முகடுகளில் பலவற்றுக்கு ஒரு புள்ளியும் ஓர் உயர எண்ணும்தான். ஏறத்தாழ 1000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு மலைத்தொடருக்கு இதுதான் மரியாதை.

அண்டார்டிகாவில் நிலைமை நேர் எதிர். அங்கே ஆராய்ச்சி செய்யும் நாடுகளின் விஞ்ஞானக் கூட்டமைப்பு எல்லா இடப்பெயர்களையும் ஒரே தொகுதியில் சேர்த்து வைத்திருக்கிறது. 35000 பெயர்களுக்கு மேல். அதில் ஒரு குன்றை எடுத்தால் அது எந்த அட்சரேகை, எந்த தீர்க்கரேகை, எந்த நாடு பெயர் வைத்தது, யார் நினைவாக வைத்தது என்று எல்லாம் கிடைக்கும். ஒரே குன்றுக்கு இரண்டு நாடுகள் இரண்டு பெயர் வைத்திருந்தால் இரண்டும் பதிவில் இருக்கும். மனிதர் வாழாத இடத்துக்கு இவ்வளவு ஒழுங்கு! மனிதர் நூற்றாண்டுகளாக வாழ்கிற கல்வராயனுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு அக்கறை போதும் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் துருவத்துப் பெயர்கள் எல்லாம் பால் போலச் சுத்தமானவை என்று நினைத்தால் அதுவும் ஏமாளித்தனம். இந்தியாவின் மைத்ரி நிலையம் 1989-லிருந்து ஷிர்மாகர் என்ற பாறைத் திட்டில் இருக்கிறது. அதற்குத் தெற்கே வோல்தாட் மலைத்தொடர். இந்தியப் புவியியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து படம் வரைந்த மலைகள் அவை. யார் இந்த ஷிர்மாகர், வோல்தாட்? 1938-39-ல் நாஜி ஜெர்மனி அனுப்பிய பயணக் குழுவின் விமானி ஷிர்மாகர். ஹெல்முட் வோல்தாட் பெர்லினில் கோரிங்கின் அலுவலகத்தில் அமர்ந்து அந்தப் பயணத்தின் பணக் கணக்கைப் பார்த்த அதிகாரி. அந்த விமானங்கள் ஸ்வஸ்திகா பொறித்த உலோக அம்புகளைப் பனியில் போட்டுக்கொண்டே போயின, 'இது எங்கள் நிலம்' என்று காட்டுவதற்கு. நிலம் போய்விட்டது, ஆட்சியும் போய்விட்டது. கணக்குப் பிள்ளையின் பெயர் மட்டும் மலைத்தொடராக நிற்கிறது. பெயர் வைப்பது உரிமை கோருவதற்கு முதல் படி என்பதை அம்பு போட்டவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1981-82-ல் காசிம் தலைமையில் முதல் பயணம். 1983-ல் அண்டார்டிக் உடன்படிக்கையில் சேர்ந்து, அடுத்து கட்டிய முதல் நிலையத்துக்குத் தட்சிண் கங்கோத்ரி என்று பெயர். மைத்ரிக்குப் பக்கத்து ஏரிக்குப் பிரியதர்ஷினி. இமயத்துக் கங்கோத்ரி பனியாறு முடிகிற இடத்துக்குக் கோமுகம் என்று பெயர். கல்வராயனிலிருந்து இறங்கி வரும் ஆற்றுக்கும் அதன் மேல் கட்டிய அணைக்கும் கோமுகி. ஆக கங்கை பிறக்கிற பனியாற்றின் பெயர் தென்துருவம் வரை போயிருக்கிறது, அதன் வாசலின் பெயர் கச்சிராயபாளையம் வரை வந்திருக்கிறது. கல்வராயனின் ஒரு பாறைப் பெயர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைகூட வரவில்லை.

வெறும் பனியில் பெயர் வைப்பதுபோல, ஆள் இருக்கும் மலையிலும் வைப்பார்கள். அதற்கான பெரிய உதாரணம் ஆரம்பித்ததே தமிழ்நாட்டில்தான். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளந்துகொண்டே வடக்கே போனார்கள். (1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மீது அவர்களின் ராட்சத தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார்.) அந்த முக்கோணங்கள் இமயத்தை எட்டியபோது 15-ஆம் எண் சிகரம்தான் உலகத்திலேயே உயரம் என்று கணக்கு வந்தது. கணக்குப் போட்டவர் வங்காளியான ராதாநாத் சிக்தார். பெயர் வைக்க முடிவுசெய்தவர் சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா. வைத்த பெயர் அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டுடையது. 1865-ல் அது உறுதியானது.

எவரெஸ்ட்டே இதை ஆட்சேபித்தார் என்பதுதான் வேடிக்கை. இந்தப் பெயரை இந்தியிலோ பாரசீகத்திலோ எழுத முடியாது, உள்ளூர்க்காரர் வாயில் நுழையாது என்றார். வா சொன்ன காரணம் அந்தச் சிகரத்துக்கு உள்ளூர்ப் பெயர் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது. நேபாளம் அப்போது வெள்ளைக்காரர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது, அது உண்மைதான். ஆனால் திபெத்தியர்கள் வழங்கிய சோமோலுங்மா என்ற பெயர், எழுத்து சற்றே மாறி, 1730-களில் பாரிஸில் அச்சான வரைபடத்திலேயே இருந்தது. 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்பதற்கு அரசாங்க மொழியில் 'கேட்கவில்லை' என்று அர்த்தம். இந்த வாக்கியத்தைக் கல்வராயனுக்கும் வைத்துப் பார்க்கலாம். முகடுகளுக்குப் பெயர் இல்லை என்று யாராவது அதிகாரி சொன்னால், எந்த ஊரில், யாரிடம், என்றைக்குக் கேட்டீர்கள் என்பதுதான் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி.

வட துருவத்தை ஒட்டிய அலாஸ்காவில் இந்தக் கூத்து இன்னும் முடியவில்லை. வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரத்தை (6190 மீட்டர்) அங்கே வாழும் பழங்குடிகள் தெனாலி என்கிறார்கள். உயரமானது என்று பொருள். (நம்ம தெனாலிராமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை :-) ) 1896-ல் தங்கம் தேடிப் போன ஒருவர், தங்க நாணய முறையை ஆதரித்த வேட்பாளர் என்பதற்காக மெக்கின்லி என்று அதற்குப் பெயர் வைத்தார். மெக்கின்லி ஜனாதிபதியானார், சுட்டுக் கொல்லப்பட்டார், அலாஸ்காவைப் பார்த்ததே இல்லை. 1917-ல் அந்தப் பெயர் சட்டத்தில் ஏறியது. அலாஸ்கா மாநிலம் 1975-லிருந்து தெனாலி என்று மாற்றச் சொல்லிக் கேட்டது. 2015-ல் ஒபாமா அரசு மாற்றியது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அன்றைக்கே டிரம்ப் மறுபடி மெக்கின்லி என்று கையெழுத்துப் போட்டார். மலை அங்கேயேதான் இருக்கிறது, வாஷிங்டனில் பேனா மாறியது. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தெனாலி என்ற சொல் எழுதப்பட்டு இருந்ததால்தான் அதற்காகச் சண்டை போடவே முடிந்தது. எழுதப்படாத பெயருக்காக யார் எந்த நீதிமன்றத்தில் நிற்பது?

இனி கல்வராயன் என்ற பெயருக்கே வரலாம். கல்ராயன் என்றும் எழுதுகிறார்கள், கல்வராயன் என்றும் எழுதுகிறார்கள். பாடப் புத்தகம் சொல்லும் பெயர்க்காரணம், அந்த மலைப் பழங்குடிகளின் பழைய பெயரான காராளர் என்பதிலிருந்து வந்தது என்பது. காராளர் என்றால் உழுது பயிர் செய்கிறவர். சமவெளிக்காரர்கள் டீக்கடையில் சொல்லும் பெயர்க்காரணம் வேறு. 'கள்வர் ராயன்', திருடர்களின் தலைவன் என்று ஒரு சிரிப்போடு சொல்வார்கள். ல-வும் ள-வும் கூடப் பிரித்து எழுதத் தெரியாதவர்களின் சொல்லாராய்ச்சி இது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு முத்திரை இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது, பல வாய்களில் உடனே வந்த பெயர் கல்வராயன் மலை. மலையில் சாராயம் காய்ச்சுவது உண்டா என்றால் உண்டு. போலீஸ் ஏறி ஊறல் அழிக்கும் செய்தி வருஷா வருஷம் வருகிறது. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலை இரசாயனம், கடுக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. மெத்தனாலை விற்றவர்களின் ஊர்ப் பெயரை யாரும் வசவாக மாற்றவில்லை. மலையின் பெயரை மாற்றினார்கள்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. அரசு நிர்வாகம் முழுதாக அங்கே ஏறியது 1976-ல், அதாவது சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்து. அரசாங்கக் காகிதத்துக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு அவ்வளவு புதியது. காகிதம் ஏறும்போது என்ன பெயர் எழுதினார்களோ அதுதான் இன்றைக்கும் பெயர்.

அங்கே வாழும் மக்களின் பெயரே ஒரு கதை. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் மலையாளி. மலையை ஆள்கிறவர், மலையில் வாழ்கிறவர் என்ற தமிழ்ச் சொல். ஆனால் சென்னையில் ஹாஸ்டலில் சேரப் போகிற பெண், "மலையாளியா? கேரளாவா?" என்ற கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். அது கூடப் பரவாயில்லை. பட்டியலில் மலையாளி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சில மாவட்டங்களின் பெயர் இருக்கிறது: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. இந்தப் பெயர்களில் சில மாவட்டங்களே இப்போது இல்லை. தென் ஆற்காடு 1993-ல் உடைந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி 2019-ல் பிரிந்தது. இருந்தாலும் பழைய தென் ஆற்காட்டுக்குள் இருந்ததால் கல்வராயன் மலையாளிக்குச் சாதிச் சான்றிதழ் உண்டு. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்கு இல்லை, ஏனென்றால் அடைப்புக்குறிக்குள் அந்த மாவட்டம் இல்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மக்கள், ஒரே பெயர். ஓர் இடப்பெயர் பட்டியலில் விடுபட்டதால் படிப்பும் வேலையும் நில உரிமையும் ஒரு தலைமுறைக்கு மேல் விடுபட்டன.

"பேரா முக்கியம்? முதலில் ரோடு போடட்டும், ஆஸ்பத்திரி கட்டட்டும்" என்று சொல்கிறவர்கள் இந்த அடைப்புக்குறியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ரோடும் ஆஸ்பத்திரியும் வேண்டும்தான், யார் இல்லை என்றது? ஆனால் ரோடு எங்கிருந்து எங்கே என்று எழுதவே பெயர் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் வன உரிமைச் சட்டம். 2006-ல் நிறைவேறியது. வழக்கின் காரணமாகத் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது 2016 வரை முடங்கிக் கிடந்தது. இந்தச் சட்டத்தின் விதிகளில் எதை ஆதாரமாகக் கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அரசிதழ்கள், பழைய கெஜட்டியர்கள், நில அளவை அறிக்கைகள், வரைபடங்கள். அதோடு சாமி சோலைகள், இடுகாடுகள், குளங்கள், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம். வெள்ளைக்கார கெஜட்டியரில் ஏறிய இடம் ஒரு வரியில் நிரூபணமாகிவிடும். ஏறாத இடத்துக்குப் பெரியவர் வாய்தான் சாட்சி. அந்தப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டால்?

ஒரு கிராம சபையில் 'எங்கள் சாமி சோலை இருக்கும் முகடு' என்று மனு கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். வனத்துறையின் படத்தில் அந்த இடம் ஒரு காப்புக்காட்டின் எண். மனுவில் இருக்கும் பெயரும் படத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதான் என்று நிரூபிக்கிற பொறுப்பு, மரவள்ளி விற்ற காசில் தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறி வருகிற மனிதரின் தலையில். மவுண்ட் சின்ஹாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அதன் அட்சரேகையை யாரும் எடுத்துவிடலாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. முகடுகளுக்குப் பெயர் வேண்டும் என்றவுடன் ஒரு கூட்டம் தலைவர்களின் பட்டியலோடு வரும். தமிழ்நாடு இதில் சூடுபட்ட ஊர். மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயரை வரிசையாக வைத்தார்கள். விழுப்புரம்கூட 1993-ல் பிறந்தபோது ஒரு தலைவரின் பெயரோடுதான் பிறந்தது. கடைசியில் ஒரு பஸ் கழகத்தின் பெயருக்காகத் தென் மாவட்டங்களில் கலவரம் ஆகி, 1997-ல் எல்லாத் தலைவர் பெயர்களையும் ஒட்டுமொத்தமாக எடுக்க வேண்டி வந்தது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஓர் அரசாணை போட்டார்கள். எழுத்துகள் ஒரே குழப்பமாக இருக்க, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். இரண்டிலும் வியாதி ஒன்றுதான். கோட்டையில் உட்கார்ந்து பெயர் எழுதினார்கள். அந்த வழியில் போனால் பெரிய கல்வராயனின் உச்சிக்கும் ஒரு வின்சன் கிடைப்பார், கரை வேட்டியோடு.

செய்ய வேண்டியது புதிதாகப் பெயர் வைப்பதே அல்ல. இருப்பதை எழுதுவது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, சேலம் பக்கம் கருமந்துறை என்று மலை முழுக்க ஊராட்சிகள் இருக்கின்றன, கிராம சபைகள் இருக்கின்றன, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டிகளுக்கு எந்த அட்லஸிலும் இல்லாத மலை தெரியும். ஒவ்வொரு முகடு, ஓடை, பாறை, சோலை, பாதைக்கும் அங்கே வழங்கும் பெயர், அது இருக்கும் இடம், சொன்னவர் எந்த ஊர், வேறு ஊரார் வேறு பெயர் சொன்னால் அதுவும். துருவத்தில் கடைப்பிடிக்கிற அதே முறை. ஒரு செல்போன் இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை வந்துவிடும். ஹெலிகாப்டரும் பனிக்கப்பலும் தேவையில்லை. பிறகு அதைக் கிராம சபை ஏற்று, வருவாய்த் துறையும் வனத்துறையும் தங்கள் படங்களில் எழுதி, அரசிதழில் போட வேண்டும். கள்ளக்குறிச்சி, சேலம் இரண்டு கலெக்டர்களும் மனது வைத்தால் இதற்குத் தனிச் சட்டம்கூட வேண்டாம்.

எழுதுகிறவர்கள் பெயரை அழகுபடுத்தாமல் இருந்தால் போதும். ஒரு பாறைக்கு 'மாடு உருண்ட பாறை' என்று பெயர் என்றால் அப்படியே எழுத வேண்டும். அதைக் 'கோ' என்று தொடங்கும் ஏதோ ஒன்றாக மாற்றித் தலபுராணம் சேர்க்கக் கூடாது. காது கூசும் பெயராக இருந்தாலும் சரி, பாட்டி எப்படிச் சொன்னாரோ அப்படி.